கீழ்த்தட்டு எலிகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தங்கையின் வாயைக் கிண்டி வாங்கியது. அவள் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாக எலிகளோடு மல்லுக்கட்டுகிறாள். மூளைச் செல்களை வளர்த்து, அவை தமக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞைகளை மாற்றும் ஒரு புரதம் உண்டு. வளர்ச்சிக் காரணி என்பார்கள். அதை ஊசியில் ஏற்றினால் பயந்த எலி துணியுமா? இதுதான் அவள் கேள்வி.

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: "எலி வெளிச்சத்துக்கு வந்தது, அவள் கண்ணில் நீர்—" வேண்டாம். அவள் அழுமூஞ்சி இல்லை.

2

துணிந்தன. ஊசி போட்ட எலிகள் சோதனைப் பெட்டியில் சுவரோரம் பதுங்காமல் நடுவுக்கே வந்தன. பேராசிரியர் வாயெல்லாம் பல்லாகக் கட்டுரையை அனுப்பச் சொன்னார். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மறுநாள் தங்கை கூண்டறைக்குப் போனாள். கூண்டு மாற்றும் அக்கா முக்காலியில் உட்கார்ந்து, கீழ்த்தட்டு எலிகளை உள்ளங்கையில் ஏந்தி மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மேல்தட்டு எலியை வாலைப் பிடித்துத் தூக்கினார்.

"என்னக்கா, இதுக்கு மட்டும் வாலு?"

"மேல சரியா எட்டாதும்மா, தோள்பட்டை பிடிச்சுக்கும். கீழன்னா உக்காந்து நிதானமா எடுக்கலாம். ஏன், தப்பா?"

"உங்க மேல தப்பில்லக்கா."

தப்பு அவளுடையது. ஊசி போட வசதி என்று மருந்து எலிகளையெல்லாம் கீழேயும், மருந்தில்லாமல் ஒப்பிட வைத்திருந்தவற்றை மேலேயும் அடுக்கியவள் அவளே. வாலில் தொங்கிப் பழகிய எலி எதற்கும் மிரளும். உள்ளங்கையில் ஏறிப் பழகியது அவ்வளவாக மிரளாது. அப்படியானால் துணிச்சல் தந்தது மருந்தா, அக்காவின் கையா?

(ஒரு குறிப்பு: முதல் வரைவில் அக்காவை அசட்டையான ஆளாக எழுதியிருந்தேன், தங்கையைக் காப்பாற்றத்தான். அந்த வரைவில் நானும் ஒருத்தியை உள்ளங்கையில் ஏந்தி, இன்னொருத்தியை வாலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

3

முடிவு ஒன்று: பேராசிரியரிடம் சொல்லிவிடுகிறாள். தட்டுகளைக் கலந்து வைத்து மறுபடி முதலிலிருந்து. இன்னும் ஒன்றரை வருடம்.

முடிவு இரண்டு: மூச்சுவிடவில்லை. கட்டுரை வெளியாகிறது. அதை நம்பி எங்கோ யாரோ ஒரு நோயாளிக்கு— இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

இரண்டையும் அவளிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்தாள்.

"இதை அச்சுல போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்ல, அண்ணா?"

"தெரியும்."

"அப்ப நான் பேராசிரியர்கிட்ட சொன்னதுக்கப்புறம் போடு. சொல்லலைன்னா கிழிச்சுப் போட்டுடு. சத்தியமா?"

சத்தியம் செய்தேன். அவள் சொன்னாளா, நான் சத்தியத்தை மீறினேனா என்பதை எழுதப்போவதில்லை. கதை கிழியாமல் உங்கள் கையில் இருக்கிறது.