ஆமையின் பதினான்காவது நகர்த்தல்

சதுரங்கக்காரர்கள் என் வீட்டுக்காரருக்கு வைத்த பெயர் ஆமை. ஒரு காயை நகர்த்த மணிக்கணக்கில் யோசிப்பார். அவர் கண்டுபிடித்த தொடக்க ஆட்ட முறைக்கும் ஆமை வேரியேஷன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கறுப்புக் காய் ஆடுபவர், வெளியே வந்த குதிரையை ஒன்பதாவது நகர்த்தலில் கிளம்பிய கட்டத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. பைத்தியக்காரத்தனம்தான்; ஆனால் இருபது வருடமாக யாராலும் அதை உடைக்க முடியவில்லை. புத்தகங்களில் ஏறிவிட்டது.

போன வருடம் உடைந்தது. உடைத்தவர் அவரே. பதினான்காவது நகர்த்தலில் வெள்ளை தன் யானையைப் பலி கொடுத்தால் கறுப்பின் கதை முடிந்தது. நோட்டில் எழுதிய கையோடு அந்தப் பக்கத்தை மடித்து நாலு ஸ்டேப்ளர் பின் அடித்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே."

நானும் விடவில்லை.

தேசிய அணித் தேர்வின் கடைசிச் சுற்று வந்தது. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இரண்டு முறை கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிருந்தது. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் அணியில் இடம். டிரா என்றால்கூட வீடு திரும்ப வேண்டியதுதான். அவருக்கு வெள்ளை. எதிரே பல் டாக்டர் பெண் ஒருத்தி. ஒன்பதாவது நகர்த்தலில் குதிரையை எடுத்து, மரியாதையாக, பழைய கட்டத்திலேயே வைத்தாள்.

அவருடைய ஆமை வேரியேஷனையே அவருக்கு எதிராக ஆடுகிறாள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த நகர்த்தல்கள் மளமளவென்று ஓடின. பதினான்காவதில் அவர் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம், இருபது, நாற்பது. யானையைக் கொடுத்தால் அணி உண்டு, வேரியேஷன் செத்தது. கொடுக்காவிட்டால் டிரா, புகழ் பத்திரம். பார்வையாளர் வரிசையில் என்னைத் தேடினார். நான் முறைத்தேன். இருபது வருடமாக என்னை ஆமை பெண்டாட்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டதாக நான் நினைத்ததே இல்லை.

யானையைக் கொடுத்தார். இருபத்தேழாவது நகர்த்தலில் அவள் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினாள்.

"இதை எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?"

"பதினோரு மாசம் ஆச்சு."

"அப்ப ஏன் யாருக்கும் சொல்லல?"

"பயம்தான்மா," என்றார்.

வெளியே, பத்திரிகைக்காரர் ஒருவர் மடக்கினார். "இனி உங்க ஆட்டத்தை யாரும் தொட மாட்டாங்களே சார்?"

"ஆட்டம்தானே போச்சு. ஆள் இருக்கேன்ல."

மறுநாள் காலை நான் காபியோடு போனபோது, நோட்டில் பின்களைப் பிடுங்கிய ஓட்டைகள் தெரிந்தன. பலகை விரித்திருந்தது. அவர் கறுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"அணியில சேந்தாச்சே, இன்னும் என்னத்தைத் தேடுறீங்க?"

"அந்த யானைப் பலிக்கு ஒரு பதிலடி," என்றார், தலை நிமிராமல்.