மாடு தின்ற புல்லும் கிணற்று வாயுவும்

கிணறு ஏன் தீப்பிடித்தது என்று கேட்டால், பக்கத்துத் தோட்டத்து மாடு என்ன தின்கிறது என்று திருப்பிக் கேட்கிறவனை என்ன செய்வது? பொன்னாத்தாளுக்குத் தலை சுற்றியது.

மோட்டாரைப் பார்க்க இறங்குமுன், எல்லாரும் செய்வதுபோல அவள் புருஷன் தவசி எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி, பலகை போட்டு மூடிக் கிடந்த கிணற்றுக்குள் விட்டான். அணைந்தால் காற்று கெட்டுப்போயிருக்கிறது, இறங்கக் கூடாது, அவ்வளவுதான். விளக்கு அணையவில்லை. குப்பென்று தீ எழும்பி முகத்தில் அடித்தது. இப்போது தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை வருமா என்று கேட்டால் டாக்டர்கள் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்து ரசூலின் சாணத்தில் எரிவாயு எடுக்கும் கோபர் கேஸ் தொட்டிதான் கசிந்தது என்று பொன்னாத்தாள் மனு கொடுத்தாள். தொட்டிக்குச் சீல் வைத்தார்கள். தவசியைத் தன் வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே ரசூல்தான். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் யார் மேலாவது கோபப்படாமல் அவளால் இருக்க முடியவில்லை.

தொட்டியிலும் கிணற்றிலும் வாயுவைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போன ஆய்வாளர் இனியன், இருபது நாள் கழித்து வந்து தீவனத்தைப் பற்றிக் கேட்கிறான்.

"ரசூல் அண்ணன் மாட்டுக்கு மக்காச்சோளத் தட்டையும் நேப்பியர் புல்லும்தான். அதுக்கென்ன இப்போ?"

"அதான்க்கா விஷயம். கார்பன்ல லேசானது, கனமானதுன்னு ரகம் இருக்கு. சோளத்துலயும் அந்தப் புல்லுலயும் கனமானது கொஞ்சம் கூட. மாடு தின்னு, சாணியாகி, கேஸாகி வந்தாலும் அந்த அடையாளம் போகாது. தொட்டியில இருக்கு. உங்க கிணத்துல இல்ல. இது கனமானது கொறைவா இருக்குற வாழை மாதிரி ஏதோ மக்கி வந்தது."

"கேஸுல என்ன தம்பி புல்லு, வாழை? எரியுறதெல்லாம் ஒண்ணுதானே?"

"எரியுறது ஒண்ணுதான். வந்த எடம் வேற. பக்கத்துல வாழைக் கழிவு எங்கயாச்சும் கொட்டியிருக்கீகளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் திரும்பிப் பார்த்தாள். வடக்கு மூலையில் வற்றிப்போன பழைய கிணறு. தார் வெட்டிய வாழை மரங்களைத் தோட்டத்திலேயே போட்டால் பாம்பு அடையும் என்று, ஐந்தாறு வருஷமாக அவள்தான் ஆள் விட்டு அதில் கொட்டினாள். அதைச் சொல்லி, அங்கே மக்கினது நாற்பதடி தள்ளி இங்கே எப்படி வரும் என்று கேட்டாள்.

"பாறை வெடிப்பு வழியா வரும்க்கா" என்றான் இனியன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவள் அதை நம்பினாள், நம்பவில்லை, மறுபடி நம்பினாள்.

"யார் வீட்டு கேஸாம்?" என்றான் தவசி.

"நம்ம வாழைங்க. பழைய கிணத்துல நான் கொட்டுனது. நாந்தாங்க உங்க கண்ணை..." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

தவசி துழாவி அவள் தோளைத் தொட்டான். பிறகு, "கன்னுக்குட்டி விழுந்துரக் கூடாதுன்னு அந்தப் பழைய கிணத்தை மண்ணடிச்சு மூடுனது நான்ல? மேல போக வழியில்லைன்னா பக்கவாட்டுலதானே வரும்" என்றான்.

அப்படியானால் தப்பு யாருடையது? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரசூல் அண்ணனைக் கூட்டிட்டு வா. மொகத்தைப் பாக்க முடியாட்டியும் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்."

"வெளியிலதாங்க நிக்கிறாக" என்றாள் பொன்னாத்தாள். "மொத நாள்ல இருந்து தெனம் வந்து நிக்கிறாக. நாந்தான் உள்ள விடல."