சேட்டுக்கு வந்தவன்

தம்புவின் வேலிப் படலைக்கு வெளியே நின்று அருட்பிரகாசம் இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டான். விடியற்காலை கடலால் வந்தவன் இன்னும் கண் அயரவில்லை. முதுகில் உப்புக் காய்ந்து இழுத்தது. சோளகக் காற்று வேறு மணலை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. சொல்லவேண்டியது இரண்டே இரண்டு சொல். 'சேட்டுக்கு வந்தனான்.' அதைச் சொல்லிவிட்டால் உள்ளே இருக்கிறவனுடைய பதினெட்டு வருஷ ஆட்டம் முடிந்துபோகும்.

விடத்தல்தீவு உதைபந்தாட்ட ரீமில் அது எழுதாத சட்டம். மொத்தம் பதினொரு சேட்டு. வள்ளத்துப் பாய்ச்சீலையில் தைத்து நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டி வைத்த சட்டைகள். பன்னிரண்டாவது என்று ஒன்று கிடையாது. சேட்டு ஆட்டக்காரன் வீட்டில் இருக்கும்; அவன் வீட்டுப் பெண்தான் தோய்த்துக் காயவைப்பாள். ஒருவனை ஆட்டத்திலிருந்து நிறுத்துவதென்றால் கப்டன் தானே போகவேண்டும், ஆள் அனுப்பக்கூடாது. படலைக்கு வெளியே நின்று அந்த இரண்டு சொல்லைச் சொல்லவேண்டும். உள்ளே இருக்கிறவன் ஏன் என்று கேட்கக்கூடாது. தன் கையாலேயே கொண்டுவந்து கொடுக்கவேண்டும். கொடுத்ததைத் திரும்ப வாங்கியவன் இன்றுவரை இல்லை.

"என்னடாப்பா, கள்ளன் மாதிரி நிக்கிறாய்? ஆடு கட்டியிருக்கிறது பின்பக்கம்" என்று உள்ளே இருந்து தம்புவின் குரல் வந்தது.

"சேட்டுக்கு வந்தனான், தம்பு அண்ணை."

உள்ளே பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு தம்பு வந்தான். நாற்பத்திரண்டு வயது. ஒரு கண்ணில் வெள்ளை விழத் தொடங்கியிருந்தது. மடித்த சேட்டு ஏற்கெனவே கையில் இருந்தது.

"போன மாசமே மடிச்சு வைச்சிட்டன். இப்ப ரெண்டு பந்து வருகுதெடா, அருள். நான் பிடிக்கிறது எப்பவும் மற்றப் பந்தைத்தான்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். "ஆரு கோலுக்கு? வலன்ரைனோ?"

"ஓம்."

"நல்ல பெடியன். கை நீளம். வாயும் நீளம். ரெண்டு பேரை நிப்பாட்டுறாய் எண்டு கேள்வி. மற்றது ஆற்ற சேட்டு?"

"ஹமீட்டின்ர."

தம்புவின் சிரிப்பு நின்றது. நல்ல கண்ணால் அருட்பிரகாசத்தை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். காற்றில் பறந்த சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"நீ கப்டன். உனக்குத் தெரியாததோ" என்று சொல்லிப் படலையைச் சாத்தினான்.

அந்தச் சேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அருட்பிரகாசம் கடற்கரைப் பக்கமாக நடந்தான். தம்பு பார்த்த பார்வை கூடவே வந்தது. அவனை நிறுத்தியதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஹமீட்டை நிறுத்தினால் பேசுவார்கள். பேசட்டும் என்று நினைத்தான். நினைக்கக்கூட அலுப்பாக இருந்தது.

லண்டனில் புது ராசா முடிசூடுகிறாராம். அதற்காக மன்னார் அரசாங்கக் கச்சேரியில் ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். நாளைச் சனிக்கிழமை மன்னார்க் கோட்டைப் பக்கத்து மைதானத்தில் கடைசி ஆட்டம். எதிரே மன்னார்ப் பட்டணத்து ரவுண் ரீம். அவர்களில் நாலு பேர் காலில் சப்பாத்துப் போட்டு ஆடுகிறவர்கள். சராசரி இருபத்திரண்டு வயது. விடத்தல்தீவில் சேட்டு வைத்திருந்த பதினொரு பேரில் ஆறு பேருக்கு முப்பதுக்கு மேல். அரையிறுதியில் எப்படியோ தப்பினார்கள். போன ஞாயிறு, பழக்க ஆட்டமென்று எருக்கலம்பிட்டியாரைக் கூப்பிட்டு ஆடியபோது நாலு கோல் விழுந்தது. நாலில் மூன்று வலப்பக்கத்தால் வந்தது. ஹமீட்டின் பக்கம்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து ஆட்கள் கலையும்போது வஸீர் வந்து முன்னால் நின்றான். இருபது வயது. ஓடினால் மணல் பின்னால் பறக்கும். இரண்டு வருஷமாகச் சேட்டில்லாமல் சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு பழக்கத்துக்கு மட்டும் வருகிறவன்.

"அருள் அண்ணே, இன்னும் எத்தினை வருசம் எங்களப் பந்து பொறுக்க விடப் போறீங்க? இப்பிடியே போனா நாங்களும் கிழடாகித்தான் சேட்டுப் போடுவம்."

"வாயைக் குறை, வஸீர்."

"குறைக்கிறன். ஆனா சொல்லிப்போட்டன். எனக்கும் வலன்ரைனுக்கும் தலைமன்னார்க் கப்பல் பியரில வேலை இருக்கு. அங்க ரீமும் இருக்கு. கோப்பைக்கு எங்கள விடேல்லையெண்டா ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுறம்."

அவன் பயமுறுத்தவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். அதுதான் அருட்பிரகாசத்தைக் குத்தியது. இருபது வயதில் ஒருவன் காத்திருந்தே களைத்துப்போவதென்றால் அதற்குக் கப்டன்தான் பதில் சொல்லவேண்டும்.

ஆகவே இரண்டு பேர் போகவேண்டும். கோலில் தம்பு. முன்னால் நிற்கிற இரண்டு காவலில் ஒருவன். இடப்பக்கம் அருட்பிரகாசம், வலப்பக்கம் சாஹுல் ஹமீட். பதினாறு வருஷமாக அப்படித்தான். பந்து எங்கே விழும் என்று ஒருவரையொருவர் கேட்டதில்லை. ஒருவன் எழும்பினால் மற்றவன் பின்னால் இருப்பான். ஆனால் இந்த வருஷம் ஹமீட் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதில்லை. வலப்பக்கம் திறந்து கிடக்கிறது. பந்து வந்த பிறகுதான் எங்கிருந்தோ மூச்சிரைத்துக்கொண்டு ஓடிவருகிறான். முழங்காலும் வீங்கியிருக்கிறது. கருவாட்டு வண்டியோடு வாரத்தில் மூன்று நாள் மன்னாருக்குப் போய் வருகிற மனிதன். என்ன செய்வது? வயது.

தன் வயதையும் அவன் யோசிக்காமல் இல்லை. முப்பத்தெட்டு. ஆனால் இந்த வருஷம் அவன் பக்கத்தால் ஒரு கோல்தான் விழுந்திருந்தது. ஆட்டம் முடிந்து வந்தால் முன்னைப்போல அலுப்பும் இல்லை. மனைவி றஞ்சிதம்கூட மாறிவிட்டாள். முந்தி அவன் சேட்டைத் தோய்க்கும்போதெல்லாம் அயல் முழுக்கக் கேட்கப் புறுபுறுப்பாள். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. வயது போகப் போகப் பெண்ணுக்கும் பொறுமை வந்துவிட்டது என்று அவன் தனக்குள் சந்தோஷப்பட்டிருந்தான்.

ஹமீட்டின் வீட்டு முற்றத்தில் வண்டி இல்லை. மாடும் இல்லை. கயிற்றுக் கொடியில் ஒரு சேட்டு ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கியது. கீழே உம்மு ஸல்மா, ஹமீட்டின் மனைவி, தலைச்சேலையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, புளிச்சாறு வடிகிற தேசிக்காய்ப் பாதியால் அதன் விலாப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, அருள் அண்ணே. உள்ளுக்கு வாங்களேன். அவர் ஜும்மா முடிஞ்சு வண்டியோட வெள்ளாங்குளத்தாற்ற கருவாட்டு வாடிக்குப் போனவர். இப்ப வந்திடுவார்."

"இல்லை, தங்கச்சி. இஞ்ச நிக்கிறன்."

உள்ளே போனால் வந்த வேலை நடக்காது. அவன் படலைக்கு வெளியேயே நின்றான். அவள் அவன் அக்குளில் இருந்த தம்புவின் சேட்டைக் கண்டுவிட்டாள். தேசிக்காய் பிடித்த கை நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தேய்க்கத் தொடங்கினாள்.

"அதுக்குத்தான் வந்தீங்களோ?"

அவன் அந்தச் சேட்டை மற்ற அக்குளுக்கு மாற்றினான்.

"நல்லது. கொண்டு போங்க. எனக்கும் கை ஓய்ஞ்சு போச்சு. உப்புப் போட்டாச்சு, சாம்பல் போட்டாச்சு, தேசிக்காய் போட்டாச்சு. உங்கட சேறு போகுதில்லை."

"என்ர சேறோ?"

"பின்ன ஆற்ற?" அவள் சேட்டைக் கொடியிலிருந்து இழுத்து அவன் பக்கம் விரித்துக் காட்டினாள். வெள்ளைப் பாய்ச்சீலையின் இடுப்பிலும் விலாவிலும் கருமை படர்ந்து தையலுக்குள் இறங்கியிருந்தது. காற்றோடு அந்த மணமும் வந்தது. உப்பங்கழிச் சேற்றின் அழுகல் மணம்.

அருட்பிரகாசத்துக்கு அந்த மணத்தைச் சொல்லித்தர ஒருவரும் தேவையில்லை. ஊர் மைதானமான தரவையில் கழிப்பக்கத்துக் கோலுக்கு இடப்புற மூலை மட்டும் வருஷம் முழுக்க ஈரம். கண்டல் வேர் ஓடிய கருஞ்சேறு. மற்ற இடமெல்லாம் வெள்ளை மணல். அந்தப் பக்கத்துக் கோலைக் காக்கும்போது இடப்பக்கக் காவலில் நிற்கிறவன் மட்டுமே அதில் விழுந்து எழும்புவான். வலப்பக்கத்தில் நிற்கிறவன் சேட்டில் மணல் ஒட்டும். சேறு ஒட்ட வழியே இல்லை.

"முந்தி இவர்ர சேட்டை ஒருக்கா உதறினாக் காணும், மணல் கொட்டுண்டு போம்" என்றாள் உம்மு ஸல்மா. "ரெண்டு வருசமா இதுதான். வந்து விழுந்து கிடப்பார். முழங்காலுக்கு ஆமணக்கிலை கட்டுறது நான். ஏன் மனுசா, அது அருள் அண்ணன்ட மூலையல்லோ, நீங்க என்னத்துக்கு அங்க ஓடுறீங்க எண்டு கேட்டா, அவன் வரப் பிந்திட்டான் எண்டுவார். ஒவ்வொரு முறையும் பிந்திட்டானாம். ஓடி ஓடி உங்கட பக்கத்தை அடைச்சவருக்கு அவர்ர பக்கம் திறந்து போச்சு. இப்ப சேட்டைத் தா எண்டு வந்து நிக்கிறீங்க."

அவள் கத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சேட்டைத் திரும்பவும் கொடியில் போட்டாள்.

அருட்பிரகாசம் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டான். ஒரு கோல்தான் விழுந்தது. ஆட்டம் முடிந்து அலுப்பில்லை. றஞ்சிதம் புறுபுறுக்கவில்லை. அவள் எதற்குப் புறுபுறுப்பாள்? கடைசியாகத் தன் சேட்டில் சேறு கண்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. தம்பு ஒற்றைக் கண்ணோடு அறிந்திருக்கிறான். வஸீர் அறிந்திருப்பான். ரீம் முழுக்க அறிந்திருக்கும். கப்டன் வீட்டுக்குப் போய்ச் சேட்டைக் கேட்க மட்டும் சட்டத்தில் ஆள் இல்லை.

மன்னார் மைதானத்தில் சேறு கிடையாது என்ற எண்ணமும் வந்தது. காய்ந்த கட்டாந்தரை. அங்கே யார் எங்கே ஓடினான் என்று யாருடைய சேட்டும் சாட்சி சொல்லாது. இன்னும் இரண்டு சொல்லைச் சொல்லிச் சேட்டை வாங்கிக்கொண்டு போகலாம். ஹமீட் ஏன் என்று கேட்கமாட்டான். கேட்கக்கூடாது. அந்த எண்ணம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மாட்டு மணிச் சத்தம் கேட்டது. ஹமீட் வண்டியை விட்டு இறங்கும்போது வலக்காலை முதலில் ஊன்றாமல் இடக்காலால் தத்தி இறங்கினான். அருட்பிரகாசத்தையும், அக்குளில் இருந்த சேட்டையும், மனைவியின் முகத்தையும் பார்த்தான்.

"இவள் ஏதும் கதைச்சவளோ?"

"நான் ஒண்டும் கதைக்கேல்லை" என்று உம்மு ஸல்மா உள்ளே போனாள்.

"என்ன மச்சான், சேட்டுக்கு வந்தனியோ?" ஹமீட்டின் குரலில் கோபம் இல்லை. "காயேல்லையே. ஈரத்தோட தரட்டோ?"

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஹமீட் மாட்டை அவிழ்த்துத் தொட்டிக்குக் கொண்டுபோனான். மாடு தண்ணீரில் வாய் வைத்தது.

"என்னத்தைச் சொல்லுறது? உன்ர கால் போச்சுது எண்டோ? பதினாறு வருசமாப் பக்கத்தில நிக்கிறவன் அதைச் சொல்லுவானோ? முந்தி என்ர வாப்பா மவுத்தான வருசம், எனக்கு மனசே இல்லாமல் ஆடேக்க நீ என்ர பக்கத்தையும் சேர்த்து ஓடினாய். நீ சொன்னியோ?"

"அது ஒரு வருசம், ஹமீட்."

"இது ரெண்டு. மற்ற வருசத்தை நீ பிறகு ஓடித் தா" என்று ஹமீட் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து முழங்காலைப் பிடித்தான்.

அருட்பிரகாசம் படலைத் தடியிலிருந்து கையை எடுத்தான்.

"கேள். நாளைக்கு வஸீர் இடப்பக்கம் நிக்கட்டும். அவனுக்குக் கால் இருக்கு. எங்க நிக்கிறதெண்டு தெரியாது. நீ பக்கத்தில நிண்டாத் தெரியும். உன்னை ஆரும் இழுத்தடிக்காட்டி உன்ர முழங்கால் ஒரு ஆட்டம் தாங்கும்."

"அப்ப நீ?"

"என்ர வீட்டை வா. படலைக்கு வெளிய நிண்டு முறைப்படி கேள்."

"உனக்கென்ன விசரோ? கப்டன்தான் கேக்கிறது."

"அப்ப நீதான் கப்டன்."

"போடா!" என்று ஹமீட் முதல் தடவையாகக் கத்தினான். மாடு தலையை நிமிர்த்தியது. "சேட்டுக் கேக்க என்ர வாய் வராது. உனக்கு வேணுமெண்டா உன்ர சேட்டை நீயே கொண்டு போய் அவனிட்டக் குடு."

"அது சட்டமில்லை. கேக்காமல் குடுத்தா நான் ஓடிப்போனன் எண்டுதான் சொல்லுவாங்கள். நீ வந்து கேட்டா, குடுத்தன் எண்டிருக்கும்."

ஹமீட் தொட்டிக்குள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அருட்பிரகாசம் திரும்பி நடந்தான்.

வீட்டில் றஞ்சிதம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய சேட்டும் அங்கே தொங்கியது. காற்று அதை ஊதி வயிறு வைத்த பாய்போல நிமிர்த்தியிருந்தது. அவன் அதைக் கழற்றி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தான். கக்கத்துத் தையலை விரித்துப் பார்த்தான். உள்ளே வெள்ளையாக இருந்தது.

"உனக்குத் தெரியுமோ?"

என்ன என்று அவள் கேட்கவில்லை. கையில் இருந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "வந்து படுத்தா நல்லா நித்திரை கொண்டீங்கள். அது போதும் எண்டு விட்டன்."

அவன் சேட்டைத் தானே மடித்தான். சிவப்புப் பட்டி மேலே வரும்படி மடித்து, தம்புவின் சேட்டுக்குமேல் வைத்து, வாசலில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தான். பகல் முழுக்க வராத நித்திரை கண்ணை இழுத்தது. வெயில் சாய்ந்து வேலி நிழல் முற்றத்தைப் பாதி கடந்தபோது தெருவில் மாட்டு மணி கேட்டது. மணி கிட்ட வந்து படலைக்கு வெளியே நின்றது.

அருட்பிரகாசம் எழும்பி முற்றத்தின் நடுவே வந்து நின்றான். வேலிக்கு மேலால் ஹமீட்டின் தொப்பி தெரிந்தது. அவன் தொண்டையைச் செருமினான். பிறகு ஒரு சத்தமும் இல்லை. மாடு தலையை ஆட்டும்போது மட்டும் மணி ஒரு தரம் கிலுங்கியது. மறுபடி செருமினான். உள்ளே இவன் தோய்த்துக் காய்ந்த தன் சேட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அந்த இரண்டு சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தான்.