வெர்னாவின் லெட்டூஸ் சுருண்ட கதை

வெர்னா பிங்கமின் லெட்டூஸ் சுருண்டுகொண்டது என்று ஊருக்கு முதலில் சொன்னது நான்தான். என் சமையலறை ஜன்னல் அவளுடைய பசுமைக்குடிலைப் பார்த்தபடி இருக்கிறது. வீட்டை அப்படிக் கட்டியது என் மாமனார், நான் என்ன செய்ய முடியும்? அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை வெர்னா குடிலுக்குள் போனாள், ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள், கையுறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். வெர்னா சும்மா நின்று நான் பார்த்ததில்லை. கணவனைப் புதைத்த மறுநாள்கூட உருளைக்கிழங்கு தோண்டியவள் அவள். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் ஊரில் செப்டம்பர் கடைசியில் உறைபனி விழும். மற்றவர்களின் தோட்டமெல்லாம் கறுத்துப்போய்ச் சரிந்துகிடக்கும்போது வெர்னாவுக்குச் சீசன் சூடுபிடிக்கும். கணப்பு இல்லை, விளக்கு இல்லை. வளைத்த குழாய்மேல் பாலித்தீன் தாள், அதற்குள் பாத்திகளின்மேல் ஒரு மெல்லிய துணி, அவ்வளவுதான். வெளியே வாளித் தண்ணீர் கல்லாக உறைந்திருக்கும்போது உள்ளே லெட்டூஸும் பசலையும் பச்சைப்பசேலென்று நிற்கும். பத்தொன்பது வருஷமாக விவசாயிகள் சங்கமான கிரேஞ்சின் கூடத்தில் நவம்பர் கடைசியில் நடக்கும் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் சாலட் கிண்ணம் அவளுடையதுதான். ஒருமுறை பாதிரியாரின் மனைவி கடையில் வாங்கிய கீரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தாள். பாவம் பார்த்து இரண்டு பேர் சாப்பிட்டார்கள்.

எல்லாம் அவளுடைய மக்கு உரத்தின் மகிமை. அந்த மகிமைக்குப் பின்னால் எதிர்ப்பக்கத்து எல்டன் கோம்ப்ஸின் நாலு குதிரைகள் இருந்தன. ஒவ்வொரு வசந்தத்திலும் சேறு காய்ந்ததும் எல்டன் டிராக்டரில் லத்தி கொண்டுவந்து கொட்டுவான். வெர்னா அதை மேப்பிள் இலையோடும் பழைய வைக்கோலோடும் அடுக்கடுக்காகப் போட்டு, நீளமான வெப்பமானியைச் செருகி வைத்து, கோடை முழுக்கப் புரட்டுவாள். மற்றவர்கள் பேரப்பிள்ளையின் மதிப்பெண் சொல்வதுபோல அவள் குவியலின் சூட்டைச் சொல்வாள். எல்டன் மனைவியை இழந்தவன், இவள் கணவனை இழந்தவள். சனிக்கிழமை குப்பைக் கிடங்கில் குப்பை போடப் போகும்போதெல்லாம் கிடங்கைக் கவனிக்கிற கிளேட்டன் கேட்பான்: "என்ன டோரீன், லத்தி குடுத்தே அவளைக் கட்டிக்கிடுவான் போலிருக்கே?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெர்னாவும் நினைத்திருந்தாளோ என்னவோ. எல்டன் வருகிற நாளில் மட்டும் அவள் தலை வாரியிருப்பாள்.

இந்த வசந்தத்தில் எல்டன் இரண்டு வீட்டுக்கு லத்தி கொடுத்தான். சாலைக் கடைசி வீட்டை வாங்கிக் குடிவந்த பாஸ்டன்காரி ஜோசலினும் ஒரு குடில் போட்டிருந்தாள், வெர்னாவுடையதைவிட இரண்டு மடங்கு பெரிசு. எல்டனிடம் பரிந்து பேசியது வெர்னாதான். "புதுசா வந்திருக்கா, பாவம். அவளுக்கும் ஒரு வண்டி போடு" என்றாள். காதால் கேட்டேன்.

இனி லெட்டூஸுக்கு வருவோம். குருத்து இலைகள் கிண்ணம்போல உட்புறமாக மடிந்திருந்தன. நரம்பெல்லாம் இழுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"தண்ணி அதிகமாயிடுச்சோ?" என்றேன்.

"நாப்பது வருஷமா தண்ணி ஊத்தறேன்டி."

"பூச்சியா இருக்கும்."

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாச்சு."

குப்பைக் கிடங்கில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சுண்ணாம்பு போடச் சொன்னாள் ஒருத்தி. துணியை மாற்றச் சொன்னான் ஒருவன். வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, விதையை மாற்றிப் போட்டிருப்பாள் என்றான் கிளேட்டன். இதை நான் வெர்னாவிடம் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் விதைப் பாக்கெட்டுகளையெல்லாம் மேசைமேல் பரப்பி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாவட்ட விவசாய ஆபீஸுக்குப் போன் போட்டாள். போனை எடுத்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பீன்ஸ் விதையை இரண்டு தொட்டியில் போட்டுப் பார்க்கச் சொன்னாள்: ஒன்றில் கடை மண், ஒன்றில் உங்கள் மக்கு உரம். அடுப்பங்கரையில் சூடான இடத்தில் வைத்தோம். பன்னிரண்டாம் நாள் கடை மண்ணில் பீன்ஸ் கையை விரித்ததுபோல் இலை விட்டிருந்தது. உரத் தொட்டியில் முளைத்தது முஷ்டியை மூடிக்கொண்டு நின்றது. வெர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. தொட்டியைக் கழுவி மறுபடியும் போட்டாள். மறுபடியும் முஷ்டிதான்.

களைக்கொல்லி என்றாள் ஆபீஸ்காரி. புல்வெளியில் அடிக்கிற ஒரு வகை. புல்லுக்கு ஒன்றும் ஆகாது, குதிரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குதிரையின் வயிற்றைத் தாண்டி, குவியலின் சூட்டையும் தாண்டி, மண்ணில் இரண்டு மூன்று வருஷம் உட்கார்ந்திருக்குமாம்.

"மூணு வருஷம்" என்றாள் வெர்னா, போனை வைத்துவிட்டு. அவளுக்கு எழுபத்தொன்று. அந்தப் பாத்திகளைப் பிடி பிடியாக உருவாக்க இருபது வருஷம் ஆகியிருந்தது.

அப்புறம் அவள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? எல்டனைத் திட்டப் போகவில்லை. வெல்லப்பாகு டோனட் சுட்டாள். "பாவம், அவனுக்கே தெரியாது. போன வருஷம் மழை இல்லாம எங்கேயோ வெளியூர்ல புல்லு வாங்கினான். யாரோ ஏமாத்திட்டானுங்க. பக்குவமாச் சொல்லணும்" என்றாள். ஜோசலின் தன் பங்கை இன்னும் பாத்தியில் போடவில்லை, வசந்தத்துக்கென்று மூடி வைத்திருந்தாள். அவளையும் எச்சரிக்க வேண்டும் என்றாள். துணைக்கு வருகிறாயா என்று என்னைக் கேட்டாள். என்னைக் கேட்கவா வேண்டும்?

எல்டன் காப்பி ஊற்றினான். வெர்னா டோனட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எல்டன், உன்னைக் குத்தம் சொல்ல வரலப்பா. உன் குதிரைங்க தின்ன புல்லுல எவனோ களைக்கொல்லி அடிச்சிருக்கான். அதை உன் தலையில கட்டிட்டான். என் பாத்தி போச்சு, சரி. ஜோசலின் இன்னும் போடல. ஓடிப் போய்ச் சொன்னா அவ மண்ணையாவது காப்பாத்திடலாம்."

எல்டன் டோனட்டைப் பிட்டுக்கொண்டே, அவளை ஆறுதல்படுத்துகிற குரலில்தான் சொன்னான்: "அவளுக்கு ஒண்ணும் ஆகாது வெர்னா. அவளுக்குப் போட்டது பழைய குவியல்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. மெல்லுவதை நிறுத்தினான்.

"பழைய குவியல்னா?"

"கொட்டகைக்குப் பின்னாடி கெடந்தது. வெளியூர்ப் புல்லு வர்றதுக்கு முந்தியது."

"பழசை ஏன் அவளுக்குக் குடுத்த?"

எல்டன் என்னைப் பார்த்தான். நான் போய்விட்டால் பேசலாம் என்று நினைத்திருப்பான். நான் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"புல்லு வித்தவன் ஜனவரியிலேயே சொன்னான், லத்தியைத் தோட்டத்துல போடாதேன்னு. நான் அதைப் பெரிசா எடுத்துக்கல. உன் குவியல் சூட்டுல எதுவும் மிஞ்சாதுன்னு நீயே சொல்லுவியே?"

"பெரிசா எடுத்துக்காதவன் அவளுக்கு ஏன் பாத்துப் பழசாப் போட்ட?"

"அவ புதுசு வெர்னா. ஏதாச்சும் ஆச்சுன்னா வக்கீலைக் கூட்டிட்டு வருவா, இன்டர்நெட்ல எழுதுவா. நீ அப்படியா? நீ நம்ம ஆளு. நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு..."

வெர்னா "ம்" என்றாள். எழுந்து கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டாள். டோனட் தட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். விட்டுவிட்டு வந்தாள்.

சாலையைக் கடக்கும்போதுதான் பேசினாள்: "சொல்லியிருந்தா ஒரு வருஷம் உரம் இல்லாமலே இருந்திருப்பேன் டோரீன். வாயைத் திறந்து சொல்லியிருந்தா போதும்."

சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் வழியாக என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் எல்டன் பக்கம். நாலு குதிரையைப் பட்டினி போடவா முடியும் என்றார்கள். "கீரைதானே, ஆளா செத்துட்டாங்க?" என்றான் கிளேட்டன். அவன் மனைவி அவன் காலை மிதித்தாள்.

நவம்பர் நடுவில், நிலம் இறுகுவதற்கு முன்னால், வெர்னா குடிலைக் காலிசெய்யத் தொடங்கினாள். லெட்டூஸை வேரோடு பிடுங்கினாள். உரம் கலந்த மேல்மண்ணைச் சாண் ஆழத்துக்கு வெட்டித் தள்ளுவண்டியில் ஏற்றினாள். சாலையைக் கடந்து எல்டனின் மேய்ச்சல் நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். புல்லுக்குத்தான் அந்த விஷம் ஒன்றும் செய்யாதே. ஒரு நாளைக்குப் பத்து வண்டி. நான் மண்வெட்டியோடு போனேன். "உன் இடுப்புக்கு ஆகாது, போடி" என்று அனுப்பிவிட்டாள். ஜோசலின் ஓடிவந்தாள். "வெர்னா, நான் என்ன செய்யட்டும்? என்கிட்ட இருக்கிறதுல பாதியை எடுத்துக்கோங்க" என்று அழாக்குறையாகக் கேட்டாள். "உன்னோடது நல்ல உரம், பத்திரமா வச்சுக்கோ. இந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு சாலட் நீ கொண்டுவா" என்றாள் வெர்னா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை.

நாலாம் நாள் எல்டன் டிராக்டரோடு வந்தான். அன்றைக்குத் தபால் வந்திருக்கிறதா என்று நான் நாலு தடவை சாலையோரப் பெட்டிக்குப் போய்ப் பார்த்தேன்.

"ரெண்டு மணி நேர வேலை, வெர்னா. நான் அள்ளிட்டுப் போயிடறேன்."

அவள் வண்டியை அவனைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனாள். அவன் இறங்கி ஓடிப்போய் மேய்ச்சல் நிலத்தின் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் உள்ளே போய்க் கொட்டிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பி வந்தாள். அவன் தொப்பியைக் கழற்றியிருந்தான். அந்தக் குளிரில் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"ஏதாவது பேசு. திட்டவாவது செய். எத்தனை நாளைக்கு இப்படி?"

"மண்ணு தீர்ற வரைக்கும்."

"அப்புறம்?"

வெர்னா நின்றாள். மூச்சு வாங்கியது.

"அப்புறம் கேட்டை மூடிக்கோ" என்றாள்.