சுழலாத விசிறி

பிரஸ் லைனில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேனின் பிளக்கைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போனபோது பரந்தாமன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூப்பர்வைசர் சொல்ல வேண்டியதில்லை என்பது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எழுதாத சட்டம். பூங்காவனம் அப்போது சூடான மோல்டு அச்சுக்குள் கொக்கியை விட்டு, வெந்த ரப்பர் புஷ் வளையத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முதுகில் காற்று நின்றதை வைத்துத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஃபேன் கம்பெனி கொடுத்தது என்று பரந்தாமன் சொல்லுவார். லைனில் நிற்கும் பெண்கள் கணக்கு வேறு. போன ஆயுத பூஜைக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் அடுக்கு தருவதாக இருந்தது. எங்களுக்கு அடுக்கு வேண்டாம், அதுக்குப் பதிலா பிரஸ் லைனுக்கு ஒரு ஃபேன் வாங்கிப் போடுங்க என்று கேட்டு வாங்கியவள் பூங்காவனம். வீட்டில் மருமகள் அடுக்கு எங்கே என்று கேட்டு ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். ஃபேனின் அடித்தட்டில் அன்று வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கின்றன.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் அன்று அதே பொட்டுதான் வைத்தார்கள். அது இப்போது காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் விசிறி ஓடவில்லை, தொடர வேண்டுமானால் இந்த பட்டனை அழுத்து என்கிறது. லேபிளும் பில்லும் போடும் தீபிகா ஒரு வாரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு பயந்துபோய்ப் பரந்தாமனிடம் சொன்னாள். அவர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். விசிறி கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் திரை சுற்றவில்லை என்று சொல்கிறதே. கண்ணைவிட அவருக்குத் திரை பெரிது. சூடேறி எரிந்துவிட்டால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? லைன் ஃபேனைக் கொண்டுபோய்த் திறந்த பெட்டிக்கு நேராக வைத்து, தலை ஆடாதபடி குமிழை மேலே இழுத்துவிட்டார்.

அக்னி நட்சத்திரம். மேலே தகரம், இரண்டு பக்கமும் கொதிக்கிற பிரஸ். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் சூட்டைச் சிவப்பு எண்ணில் காட்டும் சின்னப் பெட்டி உண்டு. நடுவில் நிற்கிறவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் மதியம், பக்கத்து பிரஸ்ஸில் நின்ற ஷர்மிளா கொக்கியோடு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நல்லவேளை, மோல்டு மேல் விழவில்லை. மோர் வாங்கிக் கொடுத்தார்கள், அதையும் வாந்தியெடுத்தாள். பூங்காவனம் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆபீஸுக்கு நடந்தாள்.

அங்கே குமணன்சாவடியிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஸ்ரீகாந்த் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். இந்தத் தொல்லை வருவதற்கு முன்னால் பெட்டியை யார் திறந்தது என்று கேட்டான். தூசு அடைத்திருந்ததால் மெஷினுக்குக் காற்று அடிக்கிற ஏர் கன்னை வைத்துத் தானே அடித்ததாகப் பரந்தாமன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். வேகத்தில் ஒரு ஒயர் கழன்றது, அதையும் தானே மாட்டிவிட்டாராம்.

"மாட்டுனீங்க சார், பக்கத்து ஊட்ல மாட்டிட்டீங்க," என்றான் ஸ்ரீகாந்த். "கரண்டு வர்றதால விசிறி சுத்துது. சுத்தறத எண்ணுற இடத்துல ஒயரே இல்ல. அதான் ஸைபர்னு காட்டுது."

ஒயரைப் பிடுங்கிச் சரியான முனையில் செருகினான். திரையில் விசிறியின் வேகம் எண்ணாக வந்தது. ஸ்டாண்டு ஃபேனை நிறுத்திவிட்டு, தீபிகாவை வழக்கம்போல பில் போடச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தான். சூடு ஐம்பதைத் தொட்டு அங்கேயே நின்றது. எண்பதைத் தாண்டினால் கூப்பிடுங்க என்று ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டான்.

பரந்தாமன் மறுபடியும் ஸ்டாண்டு ஃபேனைப் போட்டார்.

வாசலில் நின்ற பூங்காவனம் கேட்டாள்: "இன்னா சார், பொட்டிக்குக் காச்சல் இல்லன்னு டாக்டரே சொல்ட்டாரு. இன்னும் இன்னாத்துக்கு விசிறிகினு கீறீங்க?"

"ஒரு சேஃப்டிக்கு இருக்கட்டும். முதலாளி ஊர்லருந்து வரட்டும், பாத்துக்கலாம்."

"ஷர்மிளா உழுந்து கெடக்குறா. அவளையும் ஒரு பக்கம் தகடு கழட்டி உட்டு பாக்கலாமா?"

தீபிகா கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பரந்தாமன் குரலைத் தாழ்த்தினார். "நீ காண்ட்ராக்ட்ல இருக்கற. ஞாபகம் வச்சிக்கோ."

"நல்லா ஞாபகம் கீது. அடுக்கு வேணாம்னு சொன்னதும் ஞாபகம் கீது."

அவள் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஃபேனின் கழுத்தைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பரந்தாமன் வழியில் வந்து நின்றார். அடித்தட்டு அவர் வயிற்றுக்கு நேராக வந்ததும் நகர்ந்தார். ஒயர் சிமெண்டுத் தரையில் இழுபட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனது.

பூங்காவனம் ஃபேனைப் பழைய இடத்தில் நிறுத்தி, பிளக்கைச் செருகி, குமிழைக் கீழே அழுத்தினாள். மூன்று நாளாக ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்த தலை கறகறவென்று திரும்பியது. சுவரில் சாய்ந்திருந்த ஷர்மிளாவின் நெற்றி முடி பறந்தது. பூங்காவனம் கையுறையைப் போட்டுக்கொண்டு மோல்டை மூடினாள்.

பரந்தாமன் போனைக் காதில் வைத்தபடி பின்னாலேயே வந்து லைனின் கடைசியில் நின்றார். முதலாளிக்கு மணி போய்க்கொண்டிருந்தது. ஃபேன் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்து, வேர்வையில் ஒட்டியிருந்த அவர் சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுத் திரும்பிப் போனது. அது அடுத்த முறை வந்து திரும்பும் இடத்தைப் பார்த்து, காற்று முழுதாகப் படும்படி அவர் அரையடி தள்ளி நின்றுகொண்டார். மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.