சாப்பிடச் சொன்னால் சாப்பிடாத செடிகள்

எடை அளவு ஆய்வாளர் வீட்டில் பிறந்த பூச்சி தின்னும் செடிகள், மூன்று முறை வற்புறுத்தாமல் யார் வீட்டிலும் ஒரு கொசுவைக்கூடத் தின்பதில்லை. இதில் சிரிக்க எதுவும் இல்லை. அந்தக் குடும்பத்தில் எவரும் அப்படித் தின்றதில்லை. முதல் முறை கேட்பது பேச்சுக்குக் கேட்பது, இரண்டாம் முறை கேட்பது நாலு பேர் பார்க்கிறார்களே என்று கேட்பது, மூன்றாம் முறை கேட்பதுதான் மனதாரக் கேட்பது என்று ஆய்வாளரின் தகப்பனார் வகுத்துவிட்டுப் போயிருந்தார். ஆய்வாளர் தம் வேலைக்காலம் முழுவதும் கடைகளின் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய முதுகு தராசு முள்ளைப் போல நேராகவே நின்றது. அதை வளைத்துப் பார்க்க யாரும் முயன்றதில்லை.

செடிகளை வளர்த்தவள் அவருடைய மருமகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவள் முதலில் விதையிலிருந்துதான் தொடங்கினாள். மிளகைவிடச் சிறிய கறுப்பு விதைகளை ஈரப் பாசியின் மேல் தூவி, மழைத்தண்ணீர் மட்டும் தெளித்து, குளியலறை ஜன்னலில் வைத்துப் பல மாதம் காத்திருந்தாள். பாதி விதைகளைப் பூசணம் தின்றது. மீதி முளைக்க மனமில்லாமல் கிடந்தது. தப்பிப் பிழைத்தது ஒரே ஒரு நாற்று. அதன் இலை நுனியில், சேர்த்து விரித்த இரண்டு உள்ளங்கைகளைப் போல ஒரு வாய், ஓரமெல்லாம் பல். அந்த ஒன்றைப் பலவாக்கத் திசு வளர்ப்புதான் வழி என்று அவள் முடிவு செய்தாள். மீன் இல்லாத மீன் தொட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஸ்பிரிட்டால் துடைத்து, கிருமி அண்டாமல் அதற்குள் கைவிட்டு வேலை செய்ய ஏற்பாடு செய்தாள். சர்க்கரையும் உப்புகளும் கடற்பாசித் தூளும் சேர்த்துக் காய்ச்சிய கூழை ஜாம் பாட்டில்களில் ஊற்றி பிரஷர் குக்கரில் வைத்தாள். குக்கர் சமையலுக்குக் கிடைக்காத நாட்களில் குடும்பம் ரொட்டி தின்றது, புகார் சொல்லவில்லை.

இலையை வெட்டும் நாளில் ஆய்வாளர் வந்து நின்றார். வீட்டில் எது புதிதாகத் தொடங்கினாலும் முதல் கை அவருடையதாக இருக்க வேண்டும். மருமகள் கையுறையை நீட்டினாள். கைரேகை தெரியாமல் வேலை செய்கிற அவசியம் தமக்கு என்றும் நேர்ந்ததில்லை என்று சொல்லிவிட்டு, வெறும் கையை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிளேடை எடுத்தார். இலையோடு சேர்ந்து கட்டைவிரல் நுனியும் ஒரு சீவல் போனது.

“மாமா, ரத்தம் வருது.”

“என் ரத்தம்தானே வருது. நீ பாட்டிலைத் திற.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூடத் தெரியவில்லை. இலைத்துண்டும் விரல்சீவலும் ஒட்டியபடியே கூழுக்குள் இறங்கின. இரண்டே நாளில் அந்தப் பாட்டிலில் பூசணம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. பச்சையாக ஒரு கட்டி எழும்பியது, கட்டியிலிருந்து குருத்துகள் வந்தன, மருமகள் அவற்றைப் பிரித்துப் பிரித்துப் புதிய பாட்டில்களுக்கு மாற்றினாள். ஆண்டு திரும்புவதற்குள் அலமாரி, கட்டிலடி, இஸ்திரி மேசை என்று வீடெங்கும் பாட்டில்கள். எல்லாச் செடிகளின் வாய்க்குள்ளும் ஆய்வாளரின் கட்டைவிரல் ரேகை சுழிசுழியாகப் பதிந்திருந்தது.

பாட்டிலை விட்டு வெளியே வந்து தொட்டியில் வேர் பிடித்த முதல் செடிக்கு மருமகள் ஒரு செத்த ஈயை இடுக்கியால் ஊட்டினாள். வாய் மூடவில்லை. உள்ளே இருந்த மெல்லிய முடிகளைச் சீண்டிப் பார்த்தாள். செடி தலையை லேசாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அப்படியே எங்கப்பா. இன்னும் ரெண்டு தடவை கேளு.”

“சாப்பிடுங்க,” என்றாள். பிறகு, “கொஞ்சமாவது சாப்பிடுங்க.” பிறகு, “நான் சொல்றேன்ல, சாப்பிடுங்க.” வாய் மூடிக்கொண்டது.

நாற்றுக் கடைக்காரர் வழியாகச் செடிகள் ஊரெங்கும் போயின. வாங்கியவர்கள் முதலில் கடையில் போய்ச் சண்டை பிடித்தார்கள், பிறகு வற்புறுத்தக் கற்றுக்கொண்டார்கள். தன் செடியை “தின்னு, சனியனே” என்று அதட்டிய வங்கிக் காசாளர் அது ஒரு மாதம் சுவரைப் பார்த்தே நின்றதாகச் சொன்னார். ஆய்வாளர் மாலை நடையில் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் கடக்கும்போது செடிகள் நிமிர்ந்து நின்றன. நம் குடும்பம் போகாத வீடு இல்லை, போன இடத்தில் தலைகுனிந்ததும் இல்லை என்ற நிறைவில் அவர் தூக்கம் ஆழமானது.

அவரே போகாத வீடு ஒன்று இருந்தது. அது அவருடைய ஒரே தங்கையின் வீடு. தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும், மூன்று முறை அழுத்தினால் லிஃப்ட் சீக்கிரம் வந்துவிடாது என்பதைத் தொழிலில் கண்டவர், வாழ்க்கையையும் அதன்படியே நடத்தினார். புது வீட்டில் அவர்கள் கொடுத்த முதல் விருந்தில் ஆய்வாளரிடம் “சாப்பிடுங்க மச்சான்” என்றார். ஆய்வாளர் முறைப்படி “வேண்டாம்” என்றார். “சரி” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் அடுத்தவருக்குப் பரிமாறப் போய்விட்டார். பந்தி முழுவதும் தின்று எழும்வரை ஆய்வாளர் காலித் தட்டின் முன்னால் கழுவிய கையோடு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அந்தப் படி ஏறவில்லை. வேறு மாதிரிச் சொல்கிறவர்கள் அன்று அங்கே இல்லாதவர்கள்.

அந்தத் தங்கை, அண்ணன் வராவிட்டால் அண்ணன் விரலாவது இருக்கட்டும் என்று கடையில் ஒரு செடி வாங்கி வைத்திருந்தாள். அவள்தான் ஒரு நாள் மருமகளுக்குப் போன் செய்தாள். செடி கறுக்கிறது. இந்த இனம் வெயிலையும் தண்ணீரையும் வைத்தே நெடுநாள் தாக்குப்பிடிக்கும், ஆனால் இது பசியால் கறுக்கவில்லை, மனத்தாங்கலால் கறுத்தது. தங்கை எத்தனை முறை கெஞ்சியும் பயனில்லை, உடன்பிறந்தவள் கேட்பது கணக்கில் வராது. கணவரோ ஒரு முறைதான் சொன்னார். “சொல்லிட்டேன். பசிச்சா சாப்பிடும்.”

“போய் எடுத்துட்டு வந்துடட்டுமா மாமா?” என்று மருமகள் கேட்டாள்.

“சாப்பிடாம கிளம்பி வந்தா அவ வீட்டுக்கு என்ன பேரு?” என்றார் ஆய்வாளர்.  பிறகு சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தங்கை கதவைத் திறந்தவள் அழவில்லை. “ஷூவைக் கழட்டிட்டு வாண்ணா, இப்பதான் தரை துடைச்சேன்,” என்றாள். செடி சமையலறை ஜன்னலில் இருந்தது. ஒரே ஒரு வாய்தான் இன்னும் பச்சை, அதில் ஒரு ஈ தொடப்படாமல் கிடந்தது. ஆய்வாளரைக் கண்டும் அது நிமிரவில்லை. மேசையில் தட்டு வைத்தார்கள். மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

“சாப்பிடுங்க மச்சான்.”

“வேண்டாம்,” என்றார் ஆய்வாளர். அவரைக் கேட்காமலே அது வாயிலிருந்து வந்துவிட்டது.

“சரி,” என்று மெக்கானிக் தட்டை எடுக்கப் போனார். ஆய்வாளரின் கை தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி இருவரும் நின்றார்கள்.

“இன்னொரு தடவை கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவீங்க மாப்பிள்ளை?”

“ஒரே தடவையில சாப்பிட்டா நீங்க என்ன குறைஞ்சு போயிடுவீங்க?”

“ரெண்டு பேரும் குறைஞ்சுதான் போங்களேன், தட்டு உடையப்போகுது,” என்றாள் தங்கை.

ஜன்னலில் கடைசி வாயின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. ஆய்வாளர் அதைப் பார்த்தார். எடை குறைந்த கல்லுக்கு அவர் வாழ்நாளில் முத்திரை வைத்ததில்லை, மூன்றுக்கு ஒன்றை ஏற்கும் கை அவருக்கு இல்லை. தட்டைத் தம் பக்கம் இழுத்து வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எதிரே யாரோ பெரிய மனிதர் இருப்பதைப் போலத் தமக்குத் தாமே சொன்னார்: “கொஞ்சமாவது சாப்பிடுங்க.” பிறகு, “இல்லை, பரவாயில்லை,” என்று தாமே மறுத்தார். மெக்கானிக், யாரும் பொத்தானைத் தொடாமல் லிஃப்ட் கிளம்புவதைப் பார்ப்பவர் போல வாய் பிளந்து நின்றார். “இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் வயித்தோட போவீங்களா? சாப்பிடுங்க,” என்று ஆய்வாளர் மனதாரச் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். ஜன்னலில் அந்த வாய் ஈயோடு மூடிக்கொண்டது.

அதன் பிறகு அவர் ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்குப் போனார். மெக்கானிக் ஒரு முறை சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார், அவர் திரும்பி வருவதற்குள் ஆய்வாளர் மீதி இரண்டையும் முடித்திருப்பார். ஊரில் மற்ற செடிகளும் அந்த வாரமே இதைக் கற்றுக்கொண்டன. விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டார் ஒரு முறை சொன்னதும் ஜன்னல்களிலிருந்து, தொண்டையைச் செருமினாற்போல ஒரு சின்னச் சத்தம் இரண்டு முறை கேட்கும். செடி தன்னைத் தானே வற்புறுத்தி முடிக்கும்வரை வீட்டார் தட்டின் முன்னால் பேசாமல் காத்திருப்பார்கள். அதன் வாய் மூடிய பிறகு சாப்பிடத் தொடங்குவார்கள்.