தரைக்கு வராத வீடு

வெள்ளம் வடிந்தபோது ஊரில் எல்லா வீடுகளும் சேற்றில் நின்றன. கண்டக்டர் வீடு மட்டும் தன் அஸ்திவாரத்துக்கு நாலடி மேலே நின்றது. தண்ணீர் தூக்கிய உயரத்திலேயே அது தங்கிவிட்டது. நகராட்சியிலிருந்து வந்தவர் டேப் பிடித்து அளந்து, நாலடி ஓரங்குலம் என்று எழுதிக்கொண்டு, அடுத்த தெருவில் சாய்ந்த மின்கம்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வாரம் அவருக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது.

கண்டக்டர் கனத்த உடம்புக்காரர். இருபது வருஷமாக ஒரே தடத்தில் சீட்டுக் கிழித்தவர். மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்தாள். ஆறு வயது மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை, வெள்ளத்துக்குப் பிறகு சுவரோரம் உட்கார்ந்தே இருந்தது. நெஞ்சுயரத்துக்குச் சுவரெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மருந்து நான் தரேன். சுவத்துக்கு என்னால தர முடியாது. முதல்ல வீட்டைக் காய வைங்க" என்றார்.

அப்போது வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. துடைப்பம் வைத்திருந்தவனெல்லாம் வெள்ளச்சேத நிபுணன் என்று பலகை மாட்டிக்கொண்டான். வெளியூரிலிருந்து வேனில் வந்தவர்கள் படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், திரும்பி வரவில்லை. மனைவி சொன்னாள்: "நம்ம ஊர்க்காரங்களையே பிடிங்க. ஓடிப்போனாலும் வீடு தெரியும்." அப்படித்தான் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர், பன்னிரண்டு வருஷம் முன்பு அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார். இன்னொருவர், மரவாடியில் பலகை உலர்த்திப் பழகி, இப்போது மனிதர்களின் வீடுகளை உலர்த்திக் கொடுப்பவர். அவரை உலர்த்துகாரர் என்றார்கள்.

கொத்தனார் வீட்டுக்கு அடியில் குனிந்து போய், அண்ணாந்து பார்த்து, நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். "அஸ்திவாரம் நான் போட்டபடியே இருக்கு. மேல இருக்கறதும் நான் கட்டினபடியே இருக்கு. நடுவுலதான் சார் ஒண்ணும் இல்ல" என்றார். யாரோ தன் வேலையைக் குறை சொன்னதுபோல அவர் முகம் வாடியிருந்தது. ஆனாலும் ஏணி போட்டு ஏறி, ஊறிப்போன பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார். உலர்த்துகாரர் இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டரைச் சுவரில் குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மெத்தைகளை வெளியே போடச் சொன்னார், கதவுகளைக் கழற்றினார், நாலு பெரிய விசிறிகளும் ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்றும் வைத்தார். காலையும் மாலையும் மிஷினின் வாளியைச் சாக்கடையில் கொட்டினார்.

ஐந்தாம் நாள் ஏணி வாசலுக்கு ஒரு படி குறைந்தது. உலர்த்துகாரர் அதைக் கவனித்தார், கணக்குப் போட்டார், மறைக்கவில்லை. கண்டக்டரைத் தனியே கூப்பிட்டு, "காயக் காய மேல போகுதுங்க. ஈரந்தான் பிடிச்சு வச்சிருக்கு. எட்டு வாளிக்கு ஒரு சாண். நிறுத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். அன்று மத்தியானம்தான் வாலு இழுப்பில்லாமல் முதல் தடவையாகத் தூங்கியிருந்தாள். கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்றார் கண்டக்டர்.

வீடு பத்தடி போனது, பதினைந்தடி போனது. வாரம் ஒருமுறை எலக்ட்ரீஷியன் வந்து ஒயரையும், கொத்தனார் ஏணியையும் நீட்டிக் கொடுத்தார்கள். கொத்தனார் தன் பங்குக்கு ஒரு யோசனை சொல்லி, அறுபது மணல் மூட்டைகளை மேலே ஏற்றினார். வீடு சொன்னபடி கேட்டு மூன்றடி இறங்கியது. ஆனால் அது ஆற்று மணல், உள்ளே ஈரம்; இரண்டே நாளில் மூலையில் மறுபடி பச்சை பூத்து, வாலுவுக்கு உதடு நீலம் பாய்ந்தது. மூட்டைகளை அவரே ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வழியே போட்டார். கடைசி மூட்டை விழுந்ததும் உட்கார்ந்து அழுதார். தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கடைசி வாளி நிரம்பிய அன்று மீட்டரின் முள் அசையவில்லை. இவ்வளவு சுத்தமாக எதுவும் காய்ந்து மரவாடியில்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லி உலர்த்துகாரர் மிஷினைக் கயிற்றில் இறக்கினார், அவரும் இறங்கினார். அன்று மாலை கண்டக்டர் வேலை முடிந்து வந்தபோது, பாரம் குறைந்த வீடு இன்னும் எழும்பி, ஏணி வாசலுக்கு இரண்டு ஆள் உயரம் கீழே நின்றது.

தீயணைப்பு வண்டி வந்தது. அதன் ஏணி எட்டியது. வீரர் ஒருவர் வாசல்வரை ஏறிக் கையை நீட்டி, "வாங்கம்மா, பிள்ளையைக் கொடுங்க" என்றார். அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. "கீழ எங்கயாவது காஞ்ச ரூம் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள். வீரர் கீழே பார்த்துக் கேட்டார். தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் அவரவர் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது.

பிறகு அதே ஏணியில் கண்டக்டர் ஏறினார். வாலு ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், பூச்சு எடுத்த செங்கல்மேல் தான் வரைந்த பஸ்ஸைக் காட்டினாள். அவர் உள்ளே நிற்க நிற்க, காய்ந்து பஞ்சாகிப்போன வீடு அவர் கனத்துக்கு இறங்கியது. ஜன்னலில் பக்கத்து மாடி தெரிந்தது, அப்புறம் தெருவிளக்கு, அப்புறம் தெரு. சேற்று வாடை உள்ளே வந்தது. பிள்ளையின் நெஞ்சில் பழைய விசில் சத்தம் லேசாகக் கேட்டது.

"உனக்குக் கேக்குதா?" என்றார் மனைவியிடம்.

"கேக்குதுங்க."

"நான் போயிட்டு வரேன்."

"சாப்பிட்டுட்டாவது போங்க" என்றாள். அவர் நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு இறங்கினார். கால் ஏணிக்கு மாறியதும் வீடு மேலே போனது. பலகை மாட்டிய நிபுணர்கள் பிறகும் வந்து பார்த்தார்கள். சங்கிலி என்றார்கள், இரும்புத் தூண் என்றார்கள். கட்டிப் பார்த்த சங்கிலி ஒரு மழையில் துருப்பிடித்து அறுந்தது.

அடுத்த வருஷங்களில் வீடு நாற்பத்திரண்டு அடியில் நிலைத்தது. பாடப்புத்தகங்களும் சீருடைத் துணியும் மருந்தும் கூடையில் மேலே போயின, தைத்த துணியும் வாலுவின் பரீட்சைத் தாள்களும் கீழே வந்தன. நகராட்சி வீட்டை மூன்றாம் மாடி என்று பதிந்துகொண்டது. கொத்தனார் மட்டும் அந்தத் தெரு வழியே போவதை விட்டுவிட்டார்.

கண்டக்டர் வேறு வீடு பார்க்கவில்லை. அஸ்திவாரத்துக்குள், எது சமையலறை எது கூடம் என்று செங்கல் கோடுகள் தெரிந்தன. படுக்கையறை இருந்த இடத்தில் கட்டில் போட்டுக்கொண்டார். வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார், சுவர் இருந்த இடத்தைத் தாண்டிக் குறுக்கே நடக்க மாட்டார். மழைக்காலம் வந்தது. சுற்றிலும் தெரு முழுக்க ஊற்றியது. அவருடைய மூன்று அறைகளுக்குள் மட்டும், கோடு போட்ட மாதிரி, ஒரு துளியும் விழவில்லை. அவர் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, மேலே தையல் மிஷின் ஓடுவதைக் கேட்டபடி படுத்திருந்தார்.